அக்கரையில் ஒரு குடை

நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து லெவல் எடுக்கும் வேலைக்குப் போனால் முதல் நாளே சொல்லித்தருவது ஒன்றுதான்: நடுவில் நில். கருவியை முக்காலியில் ஏற்றி, அதிலிருக்கும் மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால், அதன் வழியாகப் பார்க்கும் பார்வை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். பூமி அப்படிப் போகாது. அது பைய வளைந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் தூரத்தில் நிற்கும் அளவுகோலில் நம் பார்வை விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே போய் விழும். கோல் நிற்கும் இடம் உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதாகக் கணக்கில் வரும். இதற்கு வைத்தியம், பின்னால் ஒரு அளவுகோல், முன்னால் ஒரு அளவுகோல், இரண்டுக்கும் சரிபாதியில் கருவி. பூமி இந்தப் பக்கம் எவ்வளவு ஏமாற்றுகிறதோ அதே அளவு அந்தப் பக்கமும் ஏமாற்றும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு ஏமாற்றும் அடிபட்டுப்போகும்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், இந்த வேலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் ஆற்றங்கரையோரம் நடுவில் நின்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கேயும் நடுவில்தான் நின்றேன். ஆற்றங்கரையில் நின்றதற்குக் கணக்கு வந்தது. வீட்டில் நின்றதற்கு ஒன்றும் வரவில்லை.

புகுந்த வீடு பாளையங்கோட்டையில். மாமனார் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் கோர்ட்டில் எழுத்தர். நல்லவர். வீட்டுக்குள் வாயைத் திறக்க மாட்டார் என்பது ஒன்றுதான் குறை. என் வாழ்க்கைக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறந்த வீடு கல்லிடைக்குறிச்சியில். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் வயலும் நிறைய வீம்பும் இருந்தன.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்கப் பெண்ணின் அப்பா நேரில் வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா வரவில்லை. வெற்றிலை பாக்கு பழத்தோடு என் தம்பியை அனுப்பினார். முழங்கால் வீங்கி, பஸ் படியில் கால் வைக்க முடியாமல் கிடந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அதைச் சொல்லி அனுப்பியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். கால் நோவைச் சொல்லிச் சலுகை கேட்பதா என்று அவருக்கு ரோஷம்.

“சின்னப் பயல அனுப்பிச்சிருக்காரு. நாம என்ன இளிச்சவாயனுங்களா?” என்று மாமனார் கேட்டார். அது எப்படியோ கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. “அப்படியா சங்கதி? அவ அங்கனயே கெடக்கட்டும். இந்த நடை ஏறக்கூடாது. இந்த வீட்டு ஆளு ஒருத்தரும் அவகிட்ட பேசக்கூடாது” என்று அப்பா சொன்னது, போன வேகத்தைவிட அதிக வேகத்தில் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தது. மாமனாரும் அதே சட்டத்தை எனக்குப் போட்டார். அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. அந்த வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இரண்டு ஆண்பிள்ளைகளும் கலந்து பேசிக்கொள்ளாமலேயே ஒரே தீர்ப்பை எழுதியிருந்தார்கள். தண்டனை மட்டும் எனக்கும் அம்மாவுக்கும்.

தலைதீபாவளி போயிற்று. அடுத்த தீபாவளியும் போயிற்று. பஸ் ஏறினால் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் போய் இறங்கிவிடலாம், அந்தத் தூரத்தில் இருந்த அம்மாவை நான் பார்க்கவில்லை. கடிதம் போட்டால் அது முதலில் அப்பா கைக்குத்தான் போகும் என்று தெரியும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூட ஆளில்லாமல் இருந்தேன்.

புகுந்த வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எனக்கு முறுகலாகத்தான் பிடிக்கும் என்று அத்தை தோசையைக் கூடக் கொஞ்ச நேரம் கல்லில் விட்டு எடுப்பாள். ஆனால் விளக்கு வைப்பதற்குள் நான் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போனால் பின்னாலேயே யாராவது காயாத துணியை எடுக்க வருவார்கள். வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். பூட்டி வைத்திருந்தாலாவது தட்டலாம், கத்தலாம். திறந்து கிடக்கிற கதவைப் பார்த்து என்னவென்று கத்துவது? சில நாள் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலேயே உட்கார்ந்திருப்பேன். “என்னளா, உறைப்பா?” என்று அத்தை தண்ணீரை நகர்த்தி வைப்பாள். ஆமாம் என்று குடித்துவிடுவேன்.

வேலை ஒன்றுதான் வெளியே போவதற்கு வழி. அதற்கும் காவல் இருந்தது. எங்கள் குழுவை நடத்திய ஓவர்சியர், மாமனாருக்குத் தம்பி முறை. வீட்டில் மாமா, வெளியில் சார். அவர் இருக்கிறார் என்பதற்காகத்தான் ஆற்றங்கரையில் அலைகிற வேலைக்கு என்னை விட்டு வைத்திருந்தார்கள். “நம்ம ஆளு கூட இருக்கார்லா” என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காலை பஸ்ஸில் ஏறும்போதும் கூட ஏறுவார், மாலையில் இறங்கும்போதும் கூட இறங்குவார். எங்கள் வீட்டில் ஒரு காபி குடித்து, அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். கோள் சொல்கிறவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பொய் வராது. மில்லிமீட்டரிலேயே வாழ்ந்த மனிதர்.

அவருக்குக் கோபம் வர வேண்டுமென்றால் கருவியைக் குடையில்லாமல் வெயிலில் வைத்தால் போதும். குமிழி இருக்கும் கண்ணாடிக் குழாயில் ஒரு பக்கம் வெயில் பட்டுச் சூடேறினால், குமிழி சொகுசு தேடி அந்தப் பக்கம் நகரும். குமிழி நகர்ந்தால் எண் தப்பு. அதனால் ஓர் ஆள் எப்போதும் கருவிக்குக் குடை பிடித்தே நிற்க வேண்டும். எங்கள் மண்டையெல்லாம் காய்ந்து கிடக்கும், கருவி மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிழலில் நிற்கும். “குடை இல்லாம எடுத்த எண்ண நான் எழுத மாட்டேன்” என்பார். எழுதவும் மாட்டார்.

பெருவெள்ளம் ஊருக்குள் வந்துபோன பிறகு, தாமிரபரணியின் இரண்டு கரையிலும் எந்த இடம் என்ன உயரம் என்று புதிதாக அளக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. எங்களுக்கு வடகரை. உயரம் தெரிந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கி, முக்கூடல், பாப்பாக்குடி வழியாக அம்பாசமுத்திரம் போக வேண்டும். அங்கே ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் ஒரு கல்லில் உயரத்தைக் கொண்டுபோய் வைத்தால் எங்கள் வேலை முடிந்தது. அங்கிருந்து தென்கரையில் கீழே இறங்கி வருவது வேறு குழுவின் பாடு. அந்த எதிர்க்கரைக் கல், கல்லிடைக்குறிச்சியில் அம்மா தினமும் குளித்துக் குடத்தில் தண்ணீர் எடுக்கும் படித்துறையில் இருந்தது.

அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு வேலையில் ஒரு வெறி வந்தது. அறுப்புக்கு நின்ற பிசான நெல் வயல்களுக்கு நடுவே, முன்னால் ஒரு கோல், பின்னால் ஒரு கோல் என்று மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தோம். மலை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது. “என்ன, இப்பல்லாம் உட்காரக்கூட மாட்டேங்கீங்க?” என்று கோல் பிடிப்பவர் கேட்பார். எப்படி உட்காருவது, நான் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆற்றில் ஒரு சிக்கல் உண்டு. நடு ஆற்றில் கருவியை நிறுத்த முடியாது. பாலத்தின் மேல் வைத்தால் பஸ் போகும்போதெல்லாம் குமிழிக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். ஒரே கரையில் நின்று அக்கரையைப் பார்த்தால் பூமியின் வளைவு கழியாமல் அப்படியே எண்ணில் ஏறிவிடும். எங்கள் ஆற்றகலத்துக்கு அது ஏழு மில்லிமீட்டர் போல வரும். தண்ணீர் மேல் நிற்கும் காற்று நம் பார்வையைக் கொஞ்சம் வளைத்து, அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். எவ்வளவு தரும் என்பது அன்றைய வெயிலையும் ஈரத்தையும் பொறுத்தது. எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு கரையிலிருந்தும் பார்ப்பார்கள். இங்கிருந்து பார்த்தால் அந்தக் கரை இருப்பதைவிடத் தாழ்ந்து தெரியும். அங்கிருந்து பார்த்தால் இந்தக் கரை அதே அளவு தாழ்ந்து தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால்தான் உண்மை கிடைக்கும். இரண்டு வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது உண்டு.

ஆகவே கருவி அக்கரைக்குப் போயே ஆக வேண்டும். கருவி போனால் அதில் பார்க்கிற நானும் போக வேண்டும். வடகரையில் இரண்டு முறை, தென்கரையில் இரண்டு முறை எடுத்து, இரண்டு விடை தயார் செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் முடிந்தது. ஒத்துவராவிட்டால் மறுநாள் மறுபடியும். “ஆத்து மேல ஒரே நாள்ல எங்க ஒத்து வருது? நாலஞ்சு நாளு இழுத்தடிக்கும்” என்றார் ஓவர்சியர் மாமா. அந்த நாலைந்து நாளை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முந்தின நாள் மாலை காபி குடிக்கும்போது அவரே விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாளைக்குக் கல்லிடைக்குறிச்சிப் படித்துறை என்று. மாமனார் தம்ளரைக் கீழே வைத்தார்.

“போகட்டும். வேலைன்னா போகத்தான் செய்யணும். ஆனா அங்கன ஒரு வார்த்த பேசுனான்னு தெரிஞ்சுது, மறுநாளே வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருக்க வேண்டியதுதான். நீ பாத்துக்கிடுவேல்லா?”

“அண்ணாச்சி, பேசுனா பேசுனான்னு சொல்லுவேன். பேசலைன்னா பேசலைன்னு சொல்லுவேன்” என்றார் ஓவர்சியர் மாமா. “அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

கணவர் பேப்பரில் ஏற்கெனவே படித்து முடித்த பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக் கரையில் கருவியை நிறுத்தினோம். எங்களோடு கோல் பிடிக்க இரண்டு பேர், குடைக்கு ஓர் ஆள். கோல்காரர்களில் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே நின்றார். மற்றவர் முன்னாலேயே பாலம் வழியாகப் போய் எதிர்ப் படித்துறையில், கல்லின் மேல் கோலை ஊன்றி நின்றார். அவ்வளவு தூரத்துக்குக் கோலில் இருக்கும் சின்னக் கோடுகள் தெரியாது. அதனால் சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தகட்டைக் கோலில் ஏற்றி இறக்குவார்கள். நான் கையை உயர்த்தினால் தகட்டை ஏற்ற வேண்டும். தாழ்த்தினால் இறக்க வேண்டும். இரண்டு கையையும் அகல விரித்தால், அது போதும், அப்படியே நில் என்று அர்த்தம். அவர் தகட்டை இறுக்கி, எண்ணைப் பார்த்து, ஒரு சிலேட்டில் பெரிதாகச் சாக்பீஸால் எழுதிக் காட்டுவார். எங்கள் பழைய கருவியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். அதனால் அவர் சிலேட்டையே தலைகீழாகப் பிடிப்பார், எனக்கு நேராகத் தெரியட்டும் என்று.

முதல் முறை எடுத்து முடித்தபோது படித்துறையில் வேறு யாரோதான் குளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறைக்குக் கருவியில் கண்ணை வைத்தேன். ஆறு மேலே இருந்தது, வானம் கீழே. நடுவில் கோல். கோலுக்குப் பக்கத்தில் அரக்குச் சேலை ஒன்று இடுப்பில் குடத்தோடு கீழ்நோக்கி ஏறியது. முகம் சரியாகத் தெரியவில்லை. நடை தெரிந்தது. ஒரு காலை ஊன்றி, கொஞ்சம் யோசித்து, அடுத்த காலை எடுத்து வைக்கிற நடை. அம்மா மெலிந்திருந்தாள். தலைகீழாகப் பார்த்தும் அது தெரிந்தது.

வேலை வேலை என்று சொல்லிக்கொண்டு கையை உயர்த்தினேன். தகடு ஏறியது. தாழ்த்தினேன். இறங்கியது. மறுபடியும் கொஞ்சம் உயர்த்தினேன். அக்கரையில் அம்மா நின்றுவிட்டாள். குடத்தைப் படியில் வைத்தாள். எங்கள் கூட்டத்தில் சேலை கட்டியது நான் ஒருத்திதான், அவளுக்கு அடையாளம் தெரிய அது போதும். இத்தனை நாளாகப் பார்க்காத மகள் எதிர்க்கரையில் நின்று கையைக் கையை ஆட்டினால் எந்த அம்மாதான் தகட்டுக்கு ஆட்டுகிறாள் என்று நினைப்பாள்? நான் இரண்டு கையையும் அகல விரித்தேன். கோல்காரர் தகட்டை இறுக்கினார். அம்மாவும் கையை உயர்த்தினாள். என் கருவியில் அந்தக் கை கீழே தொங்கியது.

“கை யாருக்குக் காட்டின?” என்றார் ஓவர்சியர் மாமா.

“தகட்டுக்குத்தான் சார்.”

அவர் என்னை நகரச் சொல்லிக் கருவியில் கண்ணை வைத்தார். கல்யாணத்தில் அம்மா கையால் சந்தனம் வாங்கியவர். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டு, “குமிழி நடுவுல இருக்கா பாத்துக்கோ. எண்ணச் சொல்லு” என்றார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார்.

பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்கு நடந்தோம். எங்கள் கோல்காரர் ஒருவர் வடகரையிலேயே நின்றுகொண்டார். முக்காலியைக் குடைக்காரர் தோளில் வைத்து நடந்தார், கருவிப் பெட்டியை நான் சுமந்தேன். நான் போவதற்குள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று மனம் அடித்துக்கொண்டது. தண்ணீர் எடுக்கப் போனவள் இவ்வளவு நேரம் நின்றால் அப்பா தேடமாட்டாரா? பாலத்தில் நான் ஓடவில்லை. ஓடினால் அதுவும் மாலை காபியோடு போய்ச் சேரும். ஓடாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன்.

அம்மா போகவில்லை. வைத்த குடத்துக்குப் பக்கத்தில் வைத்த மாதிரியே நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் விபூதி காய்ந்து வெளுத்திருந்தது. எங்கள் நடுவே நாலு படிதான் இருந்தது. அவள் வாய் திறந்து மூடியது. என் வாயும் அப்படியே. அவளுக்கு அப்பா போட்ட சட்டம், எனக்கு மாமனார் போட்ட சட்டம். ஒரு வார்த்தை சொன்னால் நாளையிலிருந்து இந்த ஆறும் கிடையாது, மலையும் கிடையாது, அந்தத் திறந்த கதவு மட்டும்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திறந்தேன். கொக்கி கழல மாட்டேன் என்றது.

முக்காலியை நிறுத்திவிட்டுக் குடையை எடுக்கத் திரும்பிய குடைக்காரர் பாசிப் படியில் காலை வைத்தார். சறுக்கி உட்கார்ந்தவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு “நிக்க முடியாது சார்” என்று முனகினார். இந்தக் கரைக் கோல்காரர் கோலை விட்டு நகரக்கூடாது. ஓவர்சியர் மாமா ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பென்சிலோடு, முழங்காலில் நோட்டை வைத்து எழுதிப் பார்த்தார். காற்றுக்குக் குடை ஒரு பக்கம் போயிற்று, நோட்டு ஒரு பக்கம் போயிற்று. வெயில் பட்டதும் குமிழி நகர்ந்தது.

“இது சரிப்படாது. இந்த எண்ண அடிச்சிர வேண்டியதுதான்” என்றார்.

அப்போது அவர் கையிலிருந்து குடை போயிற்று. அம்மா நாலு படி ஏறி வந்து அதை வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் காம்பைப் பிடித்து என் பக்கத்தில் நின்றாள். ஓவர்சியர் மாமா ஏதோ சொல்ல வந்தார். சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்திருப்பார்போல. குடை பிடிக்கக்கூடாது என்று அதில் யாரும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆற்றைப் பார்த்துச் சொன்னார்:

“நெழலு கருவி மேல விழணும். ஆளு மேல விழ வேண்டாம்.”

அம்மா தலையாட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். ஈரச் சேலையின் வாடை, மஞ்சள் வாடை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் கலங்கினால் கோடு தெரியாது, அதனால் அழ முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் வெயில் விழுவது நின்றது. குடை பைய என் பக்கம் சாய்ந்திருந்தது.

“கருவிக்கு!” என்று சத்தம் போட்டார் ஓவர்சியர் மாமா. குடை திருடன் மாதிரி திரும்பிப் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு அது வரவேயில்லை. அம்மாவுக்கு விஷயத்தின் முக்கியம் புரிந்துவிட்டது.

முதலில் பக்கத்துக் கோலைப் பார்த்து எண்களைச் சொன்னேன். எண்ணைச் சொல்வது பேச்சாகாது. அது வேலை. ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி, நிதானமாக, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். “ஒண்ணு.” பக்கத்திலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வந்தது. “நாலு.” “ம்.” “ரெண்டு.” “ம்.” சின்ன வயதில் ராத்திரி நான் பள்ளிக்கூடத்துக் கதைகளை அளக்கும்போது அம்மா இப்படித்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உம் கொட்டுவாள். ஓவர்சியர் மாமாவின் பென்சில் ஒரு நொடி நின்றது. உம் கொட்டுவது பேச்சா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிறகு பென்சில் ஓடியது. அன்று மாலை காபியின்போது “பேசலை” என்றுதான் அவர் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நான் அக்கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன், தாழ்த்தினேன், விரித்தேன். அப்போது அம்மாவின் மூச்சு ஒருமுறை இழுத்து விட்டதைக் கேட்டேன். கை யாருக்கு ஆட்டினேன் என்பது அவளுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. என்னைப் பார்த்து வருத்தப்பட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண் குடையின் நிழலிலேயே இருந்தது.

இரண்டாம் முறை எடுக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அம்மாவின் முழங்கை நடுங்குவது என் தோளில் தெரிந்தது. அவள் கை மாற்றிக்கொண்டாள். கை மாறியதே தவிர நிழல் மாறவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கையைக் கொஞ்சம் முன்னாலேயே விரித்தால் போதும். தகடு இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும். விடைகள் ஒத்துவராது. நாளைக்கு மறுபடியும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம். கை பாதி விரிந்தது. பக்கத்தில் இவள் வேர்த்து ஒழுகிக்கொண்டு, இமைக்காமல், என் வேலை கெட்டுவிடக்கூடாது என்று நிற்கிறாள். என்னால் முடியவில்லை. தகடு சரியான இடத்துக்கு வந்த பிறகுதான் விரித்தேன். சிலேட்டைப் படித்தேன். “ஏழு.” “ம்.” அதுதான் கடைசி எண். நாலைந்து நாள் இழுக்கும் என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டு, நாளைக்கு அவளுக்கு ஒரு செம்பில் மோர் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓவர்சியர் மாமா படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒருமுறை போட்டார். நம்பாமல் இன்னொரு முறை போட்டார். அவர் முகம் மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“ஒரு மில்லிதான் வித்தியாசம்” என்றார். “என் சர்வீஸ்ல ஆத்து மேல இப்படி வந்ததே இல்ல. கல்லுல உயரத்தப் போட்டு முடிச்சிருவோம்.”

நிழல் அசையவில்லை. அதனால் குமிழி அசையவில்லை. அதனால் இரண்டாவது விடையும் முதல் விடையும் ஒட்டிப் பிறந்ததுபோல வந்து நின்றன. நல்ல வேலையைப் பார்த்து எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை. கருவியைப் பெட்டியில் வைக்கக் குனிந்த நான் நிமிரவே இல்லை.

அம்மா குடையை மடக்கிக் கைப்பிடியை முந்தானையால் துடைத்தாள். என்னிடம் பேசக்கூடாது, அவரிடம் பேச யாரும் தடை சொல்லவில்லை.

“நாளைக்கும் வரணுமா அண்ணாச்சி?”

“வேண்டாம்மா” என்றார் ஓவர்சியர் மாமா. “இனி வர வேண்டியதில்ல. எல்லாம் சரியா வந்துட்டு.”

“சரியா வந்துட்டா!” என்றாள் அம்மா. தான் பிடித்த குடை தப்பாகவில்லை என்ற சந்தோஷம்தான் அவள் முகத்தில் முதலில் வந்தது.